எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

பல சி.டி.களை ஒரே நேரத்தில் ஏற்றிக்கொள்ளும் பிளேயரை வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை தட்டு பிடிக்கும்?" என்பதுதான். கடைக்காரரும் அதைத்தான் முதலில் சொல்வார். 5, 6, 100, 300, 400. எண் ஏற ஏற இயந்திரமும் உசத்தி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. உண்மை வேறு. எண் ஏற ஏற, கெட்டுப்போனால் வரும் தொல்லையும் ஏறுகிறது.

கைபேசியில் லட்சக்கணக்கான பாடல்கள் கிடைக்கும்போது இந்தப் பேச்சே எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆனால் 1990களிலும் அடுத்த பத்தாண்டிலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய இருநூறு, முந்நூறு சி.டி.கள் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. சிறிய நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரிப் பதிவுகள் எல்லாமே இணையத்துக்கு வந்துவிடவில்லை. அவற்றை விற்ற கடைகளும் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016இல் மூடப்பட்டது. போனால் திரும்ப வாங்க முடியாத தட்டுகள் இவை. இவற்றை எந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் அனுப்புவது என்பது யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

சி.டி. பிளேயர் விற்பனைக்கு வந்தது 1982 அக்டோபரில். ஜப்பானில் சோனி வெளியிட்ட சி.டி.பி.-101 ஒரு தட்டை மட்டுமே ஏற்றது. எல்.பி. தட்டைப் போல 20, 25 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டியதில்லை என்பதே அப்போது பெரிய வசதி. ஒரு சி.டி.யில் 74 நிமிடம் கேட்கலாம். அந்த 74 நிமிடத்துக்குப் பிறகும் எழுந்திருக்கக் கூடாது என்று மனிதன் நினைத்ததன் விளைவுதான் பல தட்டு பிளேயர். இந்தியாவில் பலருக்கு இது அறிமுகமானது, 1990களின் பிற்பகுதியில் வந்த மூன்று தட்டு மினி மியூசிக் சிஸ்டங்கள் வழியாக.

இதில் மூன்று வகை உண்டு. முதலாவது, தட்டுகளை வட்டமாக அடுக்கிய சுழலும் மேடை. பெரும்பாலும் ஐந்து தட்டு. இதன் பெரிய பலம், தட்டு கண்ணில் படுகிறது, கையால் எடுக்க முடிகிறது. ஒரு தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையை வெளியே இழுத்து மற்ற நான்கையும் மாற்றிவிடும் வசதி பல மாடல்களில் உண்டு. வாங்கும்போது அந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாவது, மேகசின் வகை. ஆறு தட்டுகளைச் செருகிய சிறிய பெட்டியை அப்படியே உள்ளே தள்ள வேண்டும். கர்நாடக இசைக்கு ஒரு பெட்டி, பழைய இந்திப் பாடல்களுக்கு ஒரு பெட்டி என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால், ஒரு கம்பெனியின் பெட்டி மற்றொன்றுக்குப் பொருந்தாது. உதிரிப் பெட்டி கிடைப்பதும் குதிரைக் கொம்பு. பயனியரின் பல பழைய மாடல்களில் எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கும்படி தட்டைச் செருக வேண்டும். இது தெரியாமல் இயந்திரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

மூன்றாவது, ஜூக்பாக்ஸ். புத்தகங்களைப் போலச் செங்குத்தாக நிற்கும் தட்டுகள், சுழலும் பெரிய சக்கரம். சோனியின் சி.டி.பி.-சி.எக்ஸ்.355 முந்நூறு தட்டு பிடிக்கும். பயனியரின் பி.டி.-எஃப்1007 முந்நூற்றொன்று. கணக்குப் போட்டால் 300 தட்டு என்பது 370 மணி நேரம். இரவு பகல் நிற்காமல் 15 நாள் பாடும். கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

பிரச்சினை அதுமட்டுமல்ல. எந்தத் தட்டு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று யாராவது எழுதி வைக்க வேண்டும். சோனி மாடலில் கம்ப்யூட்டர் கீபோர்டைச் செருகிப் பெயர்களை அடிக்கலாம். முந்நூறு பெயரையும் அடித்து முடிக்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு என்பது வேறு விஷயம். வீடு மாறும்போது எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தட்டுகள் இடம்பெயர்ந்து சிக்கிக்கொள்ளும். இயந்திரம் மக்கர் செய்தால் சுழல்மேடையில் மாட்டுவது ஐந்து தட்டு. இதில் மொத்த அலமாரியும் மாட்டிக்கொள்ளும்.

ஒலியின் தரத்தில் இந்த வகைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. 20 பிட், 24 பிட் என்று முகப்பில் பொறித்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. சி.டி.யில் பதிவாகியிருப்பது என்றும் 16 பிட்தான், விநாடிக்கு 44,100 மாதிரிகள். பின்பக்கம் ஆப்டிகல் அவுட்புட் இருந்தால் அது உண்மையான ஆதாயம். பிளேயருக்கு வயதாகியிருந்தாலும், டிஜிட்டல் ஒலியை அனலாகாக மாற்றும் வேலையை வெளியே உள்ள நல்ல கருவியிடம் விட்டுவிடலாம்.

எனவே பார்க்க வேண்டியது இயந்திரப் பகுதியைத்தான். இன்று இந்த வகையை நாடுபவர் பெரும்பாலும் பழைய பொருளையே வாங்குகிறார். பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விசாரித்தோ, அக்கம்பக்கத்தில் யாராவது விற்கும்போதோ வாங்குவதுதான் வழக்கம். இதில் கவனிக்க வேண்டியவை சில.

முதலில் பின்பக்கத்தில் ஒட்டியுள்ள மின்சார விவரம். ஜப்பானிலிருந்து வந்தது என்றால் 100 வோல்ட், அமெரிக்காவிலிருந்து என்றால் 120 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு பாட்டுக்கூட முடியாது, பிளேயர் முடிந்துவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. இந்த பிளேயர்கள் பெரும்பாலும் 20 வாட்டுக்கு மேல் இழுப்பதில்லை என்பதால் சிறியதே போதும்.

இரண்டாவது, ரப்பர் பெல்ட். மேடையை வெளியே தள்ளுவதும் சுழற்றுவதும் பல மாடல்களில் இதன் வேலை. வருடங்கள் போனால் பெல்ட் தளர்ந்து வழுக்கும். மேடை பாதியில் நிற்பதற்கும், தட்டே இல்லை என்று இயந்திரம் சாதிப்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். செலவு குறைவான பழுது. பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருந்தால் கதை வேறு. அந்த மாடலுக்கு உரிய சக்கரம் கிடைப்பது கடினம்.

மூன்றாவது, தட்டைப் படிக்கும் லேசர் பகுதி. இது தேயும் பொருள். சோனி கே.எஸ்.எஸ்.-213 போலப் பல மாடல்களுக்குப் பொதுவான லேசர் உள்ள பிளேயர் என்றால் மாற்றுப் பகுதி இன்னும் கிடைக்கிறது. அபூர்வமான மாடலை வாங்குவது பெருமையாக இருக்கலாம், லேசர் போகும் நாள்வரை. வாங்குமுன் மெக்கானிக் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதற்கு லேசர் கிடைக்குமா?

சோதனைக்குச் சொந்தத் தட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் போனால் வருத்தப்பட வேண்டிய தட்டுகளை அல்ல. ஐந்து இடத்திலும் தட்டு வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு சரியாக இருந்து ஐந்தாவது மட்டும் மறுப்பது உண்டு. நீளமான சி.டி.யின் கடைசிப் பாட்டைக் கேட்பது அவசியம். சி.டி. உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவதால், விளிம்புக்குப் போகும்போதுதான் தளர்ந்த இயந்திரம் தடுமாறும். வீட்டில் பதிவு செய்த சி.டி.-ஆர் ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். ஆரம்பகால பிளேயர்கள் பல அதைப் படிக்கத் திணறும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது மேலும் நல்லது. ரிமோட்டைக் கேட்டு வாங்க மறக்கக் கூடாது. பல மாடல்களில் பாதி வசதிகள் ரிமோட்டில்தான் இருக்கின்றன.

வாங்கி வந்த பிறகு இரண்டு எச்சரிக்கை. ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று குறித்த இடத்தில் சி.டி. பிளேயரைச் செருகக் கூடாது. அது எல்.பி.க்கு உரியது. சி.டி. அல்லது ஆக்ஸ் என்று இருப்பதே சரியான இடம். காகித லேபிள் ஒட்டிய சி.டி.-ஆரைப் பல தட்டு பிளேயருக்குள் விடக் கூடாது. வெப்பத்தில் லேபிள் உரிந்தால் தட்டு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

முந்நூறு தட்டும் விரல் நுனியில் இருக்க வேண்டும் என்பவருக்கு வேறு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நகல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டுக்கு 700 எம்.பி. என்றாலும் மொத்தம் 210 ஜி.பி.தான். ஒலி இழப்பில்லாமல் சுருக்கினால் ஏறக்குறைய அதில் பாதி. ஜூக்பாக்ஸ் செய்த வேலையை இது சத்தமில்லாமல் செய்யும். அரிய பதிவுகளுக்கு எப்படியும் இந்த நகல் தேவை.

திரையைத் தொடாமல், தட்டைக் கையில் எடுத்துப் போட்டுக் கேட்க விரும்புகிறவருக்கு ஐந்து தட்டுச் சுழல்மேடை போதும். ஆறு மணி நேரத்துக்கு மேல் பாடும். மூன்று சி.டி.யில் அடங்கிய கச்சேரியைக் கேட்டு முடித்த பிறகும் இரண்டு இடம் மிச்சம் இருக்கும்.