வேர் கொடுக்கும் மிஸ்டு கால்

மாசக் கடைசி. பர்ஸ் காலி, செல்லுல பேலன்ஸும் காலி. என்ன செய்வீங்க? க்ளோஸ் ஃப்ரெண்டுக்கு ஒரு மிஸ்டு கால்! ஆனா, நீங்க கொடுத்த அந்த மிஸ்டு காலை ஒரு திருடனும் ஒட்டுக்கேட்டு, நேரா உங்க ரூமுக்கே வந்து குடியேறிட்டா?

சிரிக்காதீங்க. சோளச் செடிக்கு இதுதான் நடக்குது.

முதல்ல ஃப்ரெண்டு யாருன்னு சொல்லிடறேன். பூஞ்சை! பூஞ்சைன்னதும் ஊசிப்போன பிரெட்டும் படர்தாமரையும்தானே ஞாபகம் வருது? ஆனா, ஜெர்மன் தாவரவியலாளர் ஃப்ராங்க், மர வேர்களோட பின்னிக் கிடந்த பூஞ்சையைப் பார்த்து, 'இது நோய் இல்லை, கூட்டு'ன்னு சொன்னார். 1885-ல் அதுக்கு 'மைக்கோரைசா'ன்னு பேரும் வெச்சார். கிரேக்கத்துல பூஞ்சையும் வேரும் சேர்ந்த வார்த்தை. உரக்கடையில 'வேம்'னு கேட்டு வாங்குறாங்களே, அதுவும் இந்தக் கூட்டுல ஒரு வகைதான்.

டீல் ரொம்ப சிம்பிள். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணுல சுலபமா நகராது. பக்கத்துல இருக்கிறதை உறிஞ்சிட்டா, வேரைச் சுத்தி வெறும் மண்தான். முடியைவிட மெல்லிசான பூஞ்சை இழையோ வேர் நுழைய முடியாத இடுக்குல எல்லாம் புகுந்து மணிச்சத்தை எடுத்துட்டு வரும். வேரோட செல்லுக்குள்ள குட்டி மரம் மாதிரி கிளை விரிச்சு, அங்கே டெலிவரி. பதிலுக்கு, செடி தான் தயாரிச்ச உணவுல ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும்கூட கொடுக்கும். ஸ்காட்லாந்துல கிடைச்ச சுமார் 40 கோடி வருஷப் பழைய புதைபடிவத்துலயே இந்தக் கூட்டு இருக்கு. செடிகளுக்கு ஒழுங்கா வேர்கூட உருவாகாத காலம் அது!

இப்போ திருடன். பேரு சுடுமல்லி. மானாவாரி சோளக்காடு உள்ள ஊர்க்காரங்களுக்கு நல்லாவே தெரியும். பார்க்க அழகா பூக்கும். ஆனா, மண்ணுக்குள்ள சோளத்தோட வேர்ல குழாய் சொருகி, தண்ணியையும் சத்தையும் உறிஞ்சிக்கிட்டிருக்கும். பயிர் வெந்து போன மாதிரி வாடும். இதோட விதை தூசி மாதிரி. பக்கத்துல வேர் வர்ற வரைக்கும் மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும். அவசரப்பட்டு முளைச்சு, பக்கத்துல வேர் இல்லைன்னா சில நாள்ல சாவுதான்.

அப்போ வேர் வந்தது அதுக்கு எப்படித் தெரியுது? 1966-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் பருத்தி வேர்ல இருந்து ஒரு பொருளைப் பிரிச்செடுத்தாங்க. துளியூண்டு பட்டாலே சுடுமல்லி விதை முழிச்சுக்குது! சுடுமல்லியோட அறிவியல் பேரு ஸ்ட்ரைகா. அதனால இதுக்கு 'ஸ்ட்ரைகால்'னு பேர் வெச்சாங்க.

கூடவே ஒரு குழப்பமும் வந்துச்சு. எதிரியை எழுப்பிவிடுற பொருளை ஒரு செடி ஏன் வேலை மெனக்கெட்டுத் தயாரிக்கணும்? அதுவும் பருத்தி வேர்ல சுடுமல்லியால பிழைக்கவே முடியாது!

விடை கிடைக்க 39 வருஷம் ஆச்சு. 2005-ல் ஜப்பான் விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சாங்க. இந்தக் குடும்பத்துப் பொருட்கள் பட்டதும் பூஞ்சை இழை சடசடன்னு கிளை விட்டு வேரைத் தேடுது. அதாவது, செடி கூப்பிட்டது ஃப்ரெண்டை. சுடுமல்லி வெறும் ஒட்டுக்கேட்ட பார்ட்டி! இந்தப் பொருள் மண்ணுல சீக்கிரமே சிதைஞ்சிடும். அதனால, அது இருக்குன்னா வேர் ரொம்பப் பக்கத்துலன்னு அர்த்தம். ஃப்ரெண்டுக்கும் அதுதான் அடையாளம், திருடனுக்கும் அதுதான்.

சோகம் எங்கேன்னா, மணிச்சத்து குறையக் குறைய செடி இன்னும் பலமா கூப்பிடும். சத்தில்லாத மண்ணுல, உரம் வாங்க வசதியில்லாத விவசாயியோட வயல்லதான் ஆபத்து ஜாஸ்தி. ஆப்பிரிக்காவுல சோளத்தையும் மக்காச்சோளத்தையும் நம்பி வாழ்ற சிறு விவசாயிகள் இதுகிட்ட படுற பாடு கொஞ்ச நஞ்சமில்லை. அப்போ உரத்தை அள்ளிக் கொட்டிடலாமா? மணிச்சத்து வழிஞ்சா செடி ஃப்ரெண்டைக் கூப்பிடறதையே குறைச்சுக்கும். அதனாலதான், மண் பரிசோதனை செஞ்சுட்டு அளவா போடணும்.

காரணம் புரிஞ்சதும் வழியும் தெரிய ஆரம்பிச்சுது. பருத்தியை விதைச்சா சுடுமல்லி ஏமாந்து முளைச்சு, ஒட்ட இடமில்லாம சாகும். விவசாயிங்க பயன்படுத்துற பொறிப்பயிர் ட்ரிக் இது. 2017-ல் இன்னொரு ரகசியமும் வெளிய வந்துச்சு. சுடுமல்லிக்கு மசியாத சில சோள வகைகள், தங்களோட ரிங்டோனையே மாத்தி வெச்சிருக்கு! அதுங்க வெளியிடுற 'ஒரோபன்கால்', சுடுமல்லியை அவ்வளவா எழுப்பாது. பூஞ்சையையோ நல்லாவே கிளை விட வைக்கும்.

'எதிரியை ஏன் கூப்பிடுது?'ன்னே யோசிச்சுக்கிட்டு இருந்த வரைக்கும் கதவு திறக்கலை. 'நிஜமா யாரைக் கூப்பிடுது?'ன்னு பார்த்தப்போதான் திறந்துச்சு. உங்க லேப்ல ரிசல்ட் புரியாம முழிக்கிறப்போ, கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க.

அப்புறம், லீவுக்கு ஊருக்குப் போனா சோளக்காட்டுப் பக்கம் ஒரு நடை போங்க. சுடுமல்லி கண்ணுல பட்டா, பூத்து விதை விடுறதுக்குள்ள பிடுங்கிடுங்க. ஒரு செடி விட்டாலும் ஆயிரக்கணக்குல விதை!