விடாமுயற்சி மட்டும் போதுமா?

எஸ்.பி.எம். தேர்வு எழுதிய கையோடு நம் பிள்ளைகள் பலர் முதன்முதலில் சம்பளம் வாங்கும் இடம் ஒரு துரித உணவகம்தான். மெக்டோனல்ட்ஸ் 1982ஆம் ஆண்டு கோலாலம்பூர் ஜாலான் புக்கிட் பிந்தாங்கில் தன் முதல் மலேசியக் கடையைத் திறந்தது. இன்று அந்தப் பெயரை அறியாத பிள்ளையே இல்லை. ஆனால், அது யாருடைய பெயர் என்று கேட்டால் எத்தனை பேருக்கு விடை தெரியும்?

2016ஆம் ஆண்டு வெளிவந்த 'தி ஃபவுண்டர்' என்ற ஆங்கிலப் படம் அதைத்தான் சொல்கிறது. ஜான் லீ ஹான்காக் இயக்கிய இப்படத்தில் மைக்கேல் கீட்டன் முதன்மை வேடம் ஏற்றிருக்கிறார். தலைப்புக்கு 'நிறுவனர்' என்று பொருள். படம் முடியும்போது அந்தச் சொல்லே ஒரு குத்தலாக மாறிவிடுகிறது.

தொழில்முனைவோராக வேண்டும் என்று கனவு காணும் ஒவ்வோர் இளைஞரும் இப்படத்தைப் பார்க்க வேண்டும். ஆனால், பலரும் பரிந்துரைக்கும் காரணத்துக்காக அல்ல.

டென்னிஸ் திடலில் பிறந்த சமையலறை

கதை 1954இல் தொடங்குகிறது. ரே கிராக் என்பவருக்கு 50 வயது கடந்துவிட்டது. மில்க் ஷேக் கலக்கும் இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறார். யாரும் வாங்குவதாக இல்லை. இரவில் மலிவான விடுதி அறையில் படுத்துக்கொண்டு, விடாமுயற்சியே வெற்றி தரும் என்று போதிக்கும் இசைத்தட்டு ஒன்றைக் கேட்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறார். நம் ஊர்த் தன்முனைப்பு முகாம்களில் ஒலிக்கும் உரைகளைப் போன்றதுதான் அதுவும்.

அந்த வேளையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரிலிருந்து ஒரே கடை பல இயந்திரங்களைக் கேட்கிறது. நம்ப முடியாமல் நேரில் போய்ப் பார்க்கிறார். டிக், மேக் என்ற மெக்டோனல்ட் சகோதரர்கள் இருவரும் அங்கே ஓர் அதிசயத்தை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர் கேட்டு முடிப்பதற்குள் பர்கர் கைக்கு வந்துவிடுகிறது. விலை 15 காசு.

அந்த வேகம் தானாக வந்ததல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948இல் மூடி, நீண்ட உணவுப் பட்டியலைச் சில பொருள்களாகக் குறைத்து, சமையலறையையே புதிதாக வடிவமைத்தார்கள். டென்னிஸ் திடலில் சுண்ணக்கட்டியால் அடுப்பு எங்கே, மேசை எங்கே என்று கோடு போட்டு, ஊழியர்களை அதற்குள் சமைப்பது போல் நடமாட விட்டுப் பார்த்தார்கள். இருவர் இடித்துக்கொண்டால் கோட்டை அழித்துவிட்டு மறுபடியும் வரைந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் வேலை செய்யும் துரித உணவகச் சமையலறைகளுக்கெல்லாம் முன்னோடி அந்தச் சுண்ணக்கட்டிக் கோடுதான். படத்தின் மிக அழகான காட்சியும் அதுதான்.

எந்த இடத்தில் மனம் மாறியது?

இந்தக் கடையை நாடு முழுவதும் கிளைபரப்பலாம் என்று ரே சகோதரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒப்பந்தம் போடுகிறார். கிளை எடுப்பவரின் விற்பனையில் 1.9 விழுக்காடு வசூலிக்கப்படும். அதில் அரை விழுக்காடு சகோதரர்களுக்கு. அவர்களின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றக்கூடாது.

இதுவரை நாம் ரேயின் பக்கம்தான் நிற்போம். வயதானவர், தோற்றுக்கொண்டே இருந்தவர், இரவு பகல் பாராமல் உழைக்கிறார். கடை வாசலைத் தானே கூட்டுகிறார். வங்கிக் கடனுக்காக வீட்டை அடமானம் வைக்கிறார். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூட நாம் மன்னித்துவிடுகிறோம்.

பிறகு, செலவைக் குறைக்க உண்மையான பாலுக்குப் பதில் தூளைக் கலக்கலாம் என்ற யோசனை வருகிறது. சகோதரர்கள் மறுக்கிறார்கள். ரே கேட்பதாயில்லை. ஹேரி சொனபார்ன் என்ற நிதி ஆலோசகர் வேறொரு வழியைக் காட்டுகிறார். கடைகள் நிற்கும் நிலத்தைத் தனி நிறுவனத்தின் பெயரில் வாங்கி, கிளை எடுப்பவருக்கு வாடகைக்கு விட்டால் பணமும் அதிகாரமும் ரேயிடம் வந்துவிடும். ஒப்பந்தத்தில் நிலத்தைப் பற்றி எதுவும் இல்லை. சகோதரர்களுக்கு இது தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

1961இல் 27 லட்சம் டாலருக்குச் சகோதரர்கள் எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். வரி போக ஆளுக்குப் பத்து லட்சம் டாலர். எதிர்கால வருமானத்தில் ஒரு விழுக்காடு என்பதும் பேச்சில் இருக்கிறது. ஆனால், அதை எழுத்தில் வைக்க வேண்டாம், கைகுலுக்கினால் போதும் என்கிறார்கள். அந்தப் பணம் வரவே இல்லை என்று படம் காட்டுகிறது. தாங்கள் தொடங்கிய முதல் கடையில் தங்கள் சொந்தக் குடும்பப் பெயரையே எழுத முடியாத நிலை. 'தி பிக் எம்' என்று பெயரை மாற்றினார்கள். ரே அதன் அருகிலேயே ஒரு மெக்டோனல்ட்ஸ் கடையைத் திறந்தார். சில ஆண்டுகளில் சகோதரர்களின் கடை மூடப்பட்டது.

இப்படத்தைப் பார்க்கும் இளையோர் தங்களைத் தாங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'எந்தக் காட்சியில் நான் ரேயின் பக்கத்திலிருந்து விலகினேன்?' நான் அந்த நிலக் காட்சி வரையில் அவர் வெல்ல வேண்டும் என்றே விரும்பினேன். இப்போது யோசித்தால், மனைவியிடம் சொல்லாமல் வீட்டை அடமானம் வைத்தபோதே விலகியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. உரியவரைக் கேட்காமல் அவர் பொருளில் கைவைக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. தவறு செய்பவர் முதல் நாளே பெரிய தவறைச் செய்வதில்லை.

மறுபக்கமும் உண்டு

ரேக்கு ஆதரவாகச் சொல்ல நியாயங்கள் இல்லாமல் இல்லை. சகோதரர்கள் முன்பே கிளைகள் கொடுத்துப் பார்த்து, தரத்தைக் காக்க முடியாமல் கைவிட்டவர்கள். ரே இல்லையென்றால் அவர்களின் முறை கடல் கடந்திருக்குமா என்பது ஐயமே. அவர்களும் பல நல்ல யோசனைகளுக்கு முட்டுக்கட்டை போட்டார்கள். கையெழுத்துப் போட்டதும் அவர்களே. பெற்ற தொகையும் அந்நாளில் சிறிதல்ல. சட்டம் ரேயைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

இருந்தாலும், சட்டம் அனுமதித்தது என்பதற்கும் சரி என்பதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. ரே அந்த இடைவெளியில்தான் தன் மாளிகையைக் கட்டினார். நிலத்தை வாங்கியதில் தவறில்லை. ஒளித்து வாங்கியதில் தவறு இருக்கிறது. தொழிலை விலைக்கு வாங்கியதில் தவறில்லை. அதைத் தொடங்கியவர் என்ற பெருமையையும் சேர்த்து எடுத்துக்கொண்டதில் தவறு இருக்கிறது.

நம் கூட்டாளிகள்

நம் நாட்டில் நண்பனையும் 'கூட்டாளி' என்போம், தொழிலில் பங்கு போடுபவரையும் 'கூட்டாளி' என்போம். சொல் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, நட்பே ஒப்பந்தம் என்று நினைத்துவிடுகிறோம். ஒருவர் சமைக்கிறார், ஒருவர் பணம் போடுகிறார், ஒருவர் சமூக ஊடகத்தைக் கவனிக்கிறார். இரவுச் சந்தையில் ஒரு மேசையில் தொடங்கிய வியாபாரம் சூடு பிடிக்கிறது. அதன் பிறகுதான் பெயர் யாருடையது, சமையல் முறை யாருடையது என்ற சண்டை. "நமக்குள்ள எதுக்குப்பா எழுத்தெல்லாம்?" என்று அன்று சிரித்தவர்களே இன்று முகம் பார்த்துப் பேசுவதில்லை.

நம் நாட்டின் 1961ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, கூட்டாளிகளுக்கிடையே வேறு உடன்பாடு இல்லையென்றால் இலாபமும் நட்டமும் சரிசமமாகப் பிரியும். யார் அதிகம் உழைத்தார் என்பதை அந்தப் பொதுவிதி பார்ப்பதில்லை. ஆகவே, யார் என்ன தருகிறார், யாருக்கு எவ்வளவு, விலகினால் பெயர் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். எஸ்.எஸ்.எம். பதிவோடு நிறுத்திவிடாமல், வணிக முத்திரையையும் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொள்வது அவநம்பிக்கை அல்ல. நாளை நம் கூட்டாளியின் மனத்தில் ஆசை புகுந்தாலும், நம் மனத்திலேயே புகுந்தாலும், நட்பைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான்.

கண்ணாடிக்கு முன்னால்

படத்தின் இறுதியில் ரே பெரும் செல்வந்தர். விருந்தொன்றில் பேசுவதற்காகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். விடாமுயற்சியைப் பற்றிய உரை. கவனித்துக் கேட்டால், அது தொடக்கத்தில் விடுதி அறையில் ஓடிய அதே இசைத்தட்டின் வாசகங்கள். அதையும் தன் சொந்தக் கருத்தாகவே பேசுகிறார்!

பள்ளிகளிலும் முகாம்களிலும் நம் பிள்ளைகளுக்கு விடாமுயற்சியை ஓயாமல் சொல்லித் தருகிறோம். அது தேவைதான். வள்ளுவரும் ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால், வணிகருக்கு அறிவுரை சொல்லும்போது அவர் அந்த அதிகாரத்துக்குப் போகவில்லை. நடுவுநிலைமை அதிகாரத்தில் நின்று, பிறர் பொருளையும் தன் பொருள்போல் காப்பதே நல்ல வாணிகம் என்றார். உழைப்புக்கு ஓர் இடமும் வணிகத்துக்கு வேறோர் இடமும் அவர் கொடுத்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சுண்ணக்கட்டியோடு திடலில் நின்ற சகோதரர்களிடமும் விடாமுயற்சி இருந்தது; அவர்களின் பெயரைப் பறித்த ரேயிடமும் விடாமுயற்சி இருந்தது. ஆகவே, "விடாதே, முயற்சி செய்" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லி நிறுத்த வேண்டாம். எதற்காக முயல்கிறாய், யாருடையதை எடுத்துக்கொள்கிறாய் என்றும் கேட்போம். கனவு காணும் இளைஞர்களே, நாளை நீங்களும் ஒரு மேடையில் நின்று உங்கள் வெற்றிக் கதையைச் சொல்லலாம். அன்று முதல் வரிசையில் உங்கள் பழைய கூட்டாளி அமர்ந்திருந்தால், அவர் முகத்தைப் பார்த்தபடியே அந்தக் கதையைச் சொல்ல முடிய வேண்டும்.