பிஸேயின் முத்துக்குளிப்போரும் நம் கடற்கரையும்

மாணாக்கன் ஒருவன் அந்நிய தேசத்து வாத்திய இசையில் மனம் பறிகொடுத்தால், அவன் தன் நாட்டுச் சங்கீதத்தை இகழ்கின்றான் எனக் குறை கூறுவோர் உளர். பிடில் பயிலும் யானும் இக்குறைக்கு ஆளானவன். ஆதலின் என் மனத்தைக் கவர்ந்த இசையொன்றைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

பிரெஞ்சு தேசத்து ஜார்ஜ் பிஸே என்பார் தமது 24-ஆம் வயதில் இயற்றிய ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசை நாடகம், 1863-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் பாரிஸ் நகரில் அரங்கேறியது. 18 முறை நடிக்கப்பெற்றபின், 1875-இல் அவர் காலமாகும் வரை அது மீண்டும் மேடையேறவில்லை. எனினும் அதன் முதலங்கத்தில் நண்பர் இருவர் பாடும் பாட்டு இன்று உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகின்றது. ஹார்ப் என்னும் மேனாட்டு யாழ் அலைபோல் எழுந்து தாழ, அதன்மேல் குழலோசை மிதந்து வரும். அம்மெட்டைப் பிடிலில் வாசிக்குந்தோறும் நம் துறைமுகத்து அதிகாலைக் கடல் என் கண்முன் தோன்றும்.

ஆயின் பிஸே நம் கடலைக் கண்டவரல்லர். நாடகத்தை எழுதியோர் முதலில் மெக்ஸிகோவைக் களமாகக் கருதி, பின்னரே இலங்கைக்கு மாற்றினர். நாதிர், ஸூர்கா என்னும் கதைமாந்தர் பெயர்கள் நம் முத்துக்குளிப்போரிடை வழங்குவன அல்ல. எனினும் ஒன்று வியப்பளிக்கின்றது. குளிப்போர்க்குத் தீங்கு நேராதபடி, முகத்திரையணிந்த கன்னியொருத்தி பாறைமேலிருந்து பாடுகின்றாள். மன்னார்க் குடாவில் சலாபம் நடந்த நாட்களில், சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதிய ‘கடல்கட்டி’ என்போர் மெய்யாகவே இருந்தனர். 13-ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இத்தகையோரைக் குறிப்பிட்டுள்ளார். காணாத கடலைப் பாடியவரும் உண்மையை இவ்வாறு சற்றே தொட்டுவிட்டார்.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் இறுதியாக நடந்தது 1961-இல். அதில் இளைஞராய் மூழ்கிய என் பாட்டனார்க்கு ஒருநாள் இம்மெட்டை வாசித்துக் காட்டினேன். கண்மூடிக் கேட்ட அவர், “பாட்டு நல்ல பாட்டுத்தான், பேராண்டி. ஆனால் அடியிலே பாட்டு ஏது? அங்கே கயிறு ஒன்றுதான் பேசும்” என்றார். குளியாள் கல்லின் பாரத்தால் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி சேர்ப்பான். கயிற்றை அவன் அசைத்தவுடன் தோணியிலுள்ளவன் மேலே இழுப்பான். இருவர் உயிர்நட்பும் அக்கயிற்றில் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்து மௌனம் பிஸேயின் இசையில் இல்லை.

அது பிஸேயின் குற்றமன்று. பாரிஸிலிருந்து பாடியவர்க்கு அது எட்டாது, நமக்கு எட்டும். அந்நிய இசையை நேசித்தல் பிழையன்று. அதனோடு நின்றுவிடுதலே பிழை என்பது என் அபிப்பிராயம். கடலடி கண்ட முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். மாணாக்கராகிய நாம் அவர்பாற் சென்று, அவர் நினைவிலுள்ள தோணிப் பாட்டுகளையும் தொழிற் சொற்களையும் காலந்தாழ்த்தாது எழுதிக்கொள்ளல் வேண்டும். பாட்டனார் சொல்லச் சொல்ல, யான் என் பிடிற்பெட்டியில் வைத்துள்ள குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியுள்ளேன்.