எல்லை தாண்டாத ஜீவனாம்சம்

புது தில்லி: ஜீவனாம்சம் வழங்குமாறு நீதிமன்றம் உத்தரவிடுவது ஒன்று, அந்தத் தொகை மாதந்தோறும் கைக்கு வந்து சேருவது வேறொன்று. இந்த இடைவெளியை அடைக்கக் கிடைத்த நல்லதொரு வாய்ப்பை நாடாளுமன்றம் நழுவவிட்டது.

சித்தூர் மாவட்டத்து நகரியை எடுத்துக்கொள்வோம். விசைத்தறித் தொழில் மிகுந்த, தமிழர்கள் கணிசமாக வாழும் ஊர். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நகரி ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. ஆனால், கொள்வினை கொடுப்பினைக்கு மாநில எல்லை ஒரு பொருட்டல்ல. நகரிப் பெண் திருத்தணியில் வாழ்க்கைப்படுவதும், மணவாழ்க்கை முறிந்தால் குழந்தைகளுடன் தாய்வீடு திரும்புவதும் இயல்பு.

அவர் தாம் வசிக்கும் இடத்திலேயே ஜீவனாம்ச வழக்குத் தொடரலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. சிக்கல் தொடங்குவது உத்தரவு கிடைத்த பிறகுதான். கணவர் பணம் தர மறுத்தால் ஆந்திர நீதிமன்றத்தின் பிடியாணை தமிழகக் காவல் நிலையத்துக்குச் சென்று நிறைவேற வேண்டும். இல்லையெனில், உத்தரவின் நகலுடன் கணவர் வசிக்கும் ஊரின் நடுவர் நீதிமன்றத்தை அந்தப் பெண்ணே அணுக வேண்டும். இரண்டுக்கும் அலைச்சலும் செலவும் உண்டு. ஜீவனாம்சம் கேட்டு நிற்பவரிடம் இல்லாதவை அவைதாம்.

நிலுவையை வசூலிக்கும் முறையும் எளிதானதல்ல. அபராதத்தை வசூலிப்பதுபோலப் பிடியாணை பிறப்பிக்கப்படும். அப்போதும் பணம் வராவிட்டால், ஒவ்வொரு மாதத் தவணைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். தொகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு செய்யாவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

சிறை சென்றுவிட்டால் கடன் தீர்ந்தது என்று கருதும் கணவர்கள் உண்டு. அது தவறு என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சிறை என்பது பணத்தை வரவழைக்கும் வழியே தவிர, பணத்துக்கு ஈடு அல்ல. தமிழகத்திலிருந்து ஒரு தாயும் மகனும் தொடுத்த மேல்முறையீட்டில் 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றையும் கூறியது. ஓராண்டுக் கெடு வசூலிக்கும் முறை ஒன்றுக்கு மட்டுமே வரம்பு. ஜீவனாம்சம் பெறும் உரிமையை அது அழித்துவிடாது என்பதே அத்தீர்ப்பு. உரிமை நிலைத்தது, சரி. ஆனால், அதை நிலைநாட்ட ஓர் ஏழைத் தாய் தில்லி வரை வர வேண்டியிருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

அடுத்தது, தொகையை மாற்றியமைப்பது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 1955-ல் விதிக்கப்பட்ட மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 2001 திருத்தத்தில்தான் நீங்கியது. 46 ஆண்டுகளில் அரிசி விலை எங்கே போனது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இன்று வரம்பு இல்லை. ஆனால், விலைவாசிக்கேற்ப தொகை தானாக உயர்வதும் இல்லை. சூழ்நிலை மாறியதை நிரூபித்துப் புதிதாக மனு செய்ய வேண்டும். குழந்தை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நிர்ணயித்த தொகையே பத்தாம் வகுப்பிலும் நீடிப்பது இதனால்தான்.

மாற்றியமைக்கும் உரிமை இரு தரப்புக்கும் பொதுவானது. தறி நின்று வருவாய் இழந்த கணவரும் தொகையைக் குறைக்கக் கோரலாம், கோரவும் வேண்டும். இல்லாதவரைச் சிறையில் அடைத்தால் இருக்கும் கூலியும் போகும். எனவேதான் 2020 நவம்பர் 4-ம் தேதி ரஜ்னேஷ் - நேகா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் வழங்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2025 மே மாதத் தீர்ப்பொன்றில், நிரந்தர ஜீவனாம்சத் தொகை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீதம் உயர வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

நீதிமன்றம் தீர்ப்புதோறும் செய்வதை நாடாளுமன்றம் ஒரே சட்டத்தில் செய்திருக்கலாம். 2023 டிசம்பரில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நிறைவேறியபோது, இரு அவைகளிலும் சேர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140-க்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் இருந்தனர். பழைய 125-வது பிரிவு 144 என்ற புதிய எண் பெற்றது. ஒரு மாதச் சிறையும் ஓராண்டுக் கெடுவும் அப்படியே நீடித்தன. பெற்றோர் தாங்கள் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம் என்ற நல்ல மாற்றம் ஒன்று வந்தது. வசூலிப்பதில் மாற்றம் ஏதுமில்லை.

இத்தனைக்கும் முன்மாதிரி கையிலேயே இருந்தது. கணவரின் ஊதியத்தில் ஒரு பகுதியை மனைவிக்கு நேரடியாக வழங்குமாறு வேலை தருபவருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நடுவருக்கு அளித்திருக்கிறது. 144-வது பிரிவில் அதைச் சேர்க்கத் தடை என்ன?

ஊதியச் சீட்டு இல்லாத தறித் தொழிலாளியிடம் இதுவும் பலிக்காது என்பது உண்மை. ஜெர்மனியில் 1980 முதல், தந்தை தராத பராமரிப்புத் தொகையைக் குழந்தைக்கு அரசே முன்பணமாகத் தந்துவிட்டு, பின்னர் தந்தையிடம் வசூலிக்கிறது. கடன்காரரைத் துரத்தும் வேலை தாயுடையதல்ல, அரசுடையது. மாநில அளவில் சிறிய நிதி ஒன்றை ஏற்படுத்தி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழு மூலம் இங்கும் இதைத் தொடங்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பிடியாணைகளுக்குக் காலக்கெடு விதிக்கலாம். விலைவாசிக் குறியீட்டுடன் தொகையை இணைக்கலாம்.

இவற்றில் எதற்கும் அரசியல் சாசனத் திருத்தம் தேவையில்லை. சாதாரண திருத்த மசோதா போதும். எல்லைப் பகுதிகளின் உறுப்பினர்கள் தனிநபர் மசோதாவாகவேனும் இதைக் கொண்டுவரட்டும். திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே பேருந்து தடையின்றி ஓடுகிறது. நீதிமன்ற உத்தரவும் அவ்வாறே சென்று சேர வேண்டும்.