ஒரே குக்கரில் இரவுச் சாப்பாடு

கேள்வி: "தக்காளி பறிப்பு நாட்களில் நான் தோட்டத்திலிருந்து வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் பெட்டிகளை மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வர ஒன்பது ஆகும். மகள் ஏழாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. சோறு, குழம்பு, பொரியல் என்று மூன்று பாத்திரம் வைக்க உடம்பில் தெம்பில்லை. பாக்கெட் நூடுல்ஸைக் கிண்டிக் கொடுத்துவிடுகிறேன். இப்போது மகள் பாஸ்தா சூப் கேட்கிறாள். அது மைதா, வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் திட்டுகிறார். ஒரே பாத்திரத்தில், சத்தாக, சீக்கிரமாகச் செய்ய வழி உண்டா? விவசாயப் பகுதியில் இதைக் கேட்கலாமா என்றும் தெரியவில்லை."
- வாசகி, ஒட்டன்சத்திரம் பகுதி

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. செடிக்கு என்ன உரம் போடுவது என்று முப்பது வருடமாகப் பதில் சொல்லி வருகிறேன். அதைப் பயிர் செய்கிறவர்கள் இரவில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நானாகக் கேட்டது குறைவு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. "உடம்பில் தெம்பில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் மாமியார் கேள்விக்கு வருவோம். அவர் சொல்வது பாதி சரி. நல்ல பாஸ்தாவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்வார்கள். மத்தியப் பிரதேசத்தின் மால்வா பகுதியில் அது நன்றாக விளைகிறது. மணி கண்ணாடி மாதிரி கடினமாக, இளமஞ்சளாக இருக்கும். அந்த ரவையில் செய்தது வெந்தாலும் குழையாது. ஆனால் கடையில் மைதாவில் செய்த மக்ரோனியும் அதே விதமான பாக்கெட்டில் கிடைக்கிறது. பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உங்கள் மகளைப் படிக்கச் சொல்லுங்கள். முதல் பெயர் 'டியூரம்' அல்லது 'சூஜி' என்று இருந்தால் வாங்கலாம். 'மைதா' என்றிருந்தால் வேண்டாம். ரவையிலும் தவிடு நீக்கப்பட்டிருக்கும் என்பதால், எதுவாக இருந்தாலும் பாஸ்தா மட்டும் ஒரு சாப்பாடு ஆகாது. கூட என்ன போடுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இத்தாலியில் 'பாஸ்தா இ ஃபஜோலி' என்று ஒரு சூப் உண்டு. பாஸ்தாவும் பயறும் என்று பொருள். கறி வாங்க வசதியில்லாத உழவர் வீடுகளின் சாப்பாடு அது. பயறை வேகவைத்து, அதே தண்ணீரில் பாஸ்தாவைப் போட்டு, ஒரே பானையில் இறக்குவார்கள். இன்று அதில் போடும் பீன்ஸ் வகைகள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போனவை. 1492-க்கு முன் ஐரோப்பாவுக்கு அவை தெரியாது. அதற்கு முன்பு அங்கே புழங்கியது நம் தட்டைப்பயறுதான். ஆப்பிரிக்காவில் தோன்றி இங்கும் அங்கும் பரவிய பயிர் அது. ஆகவே தட்டைப்பயறு போட்டுப் பாஸ்தா சூப் வைத்தால், ஏதோ இல்லாததற்குப் பதிலாகச் செய்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

நாலைந்து பேருக்கு அளவு சொல்கிறேன். தட்டைப்பயறு 150 கிராம், மக்ரோனி மாதிரி சின்ன பாஸ்தா 150 கிராம். பயறு பாஸ்தாவுக்குச் சமமாக இருக்கட்டும், குறைய வேண்டாம். பயறில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பாஸ்தாவில் சுமார் 12 கிராம்தான். கோதுமையில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய இருப்பதால் இரண்டும் சேரும்போது புரதம் முழுமையாகிறது. இவை தவிர சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், பழுத்த தக்காளி ஐந்து, ஒரு கேரட் அல்லது ஒரு துண்டு மஞ்சள் பூசணி, உருவிய முருங்கைக்கீரை இரண்டு கை, கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன், சீரகம், மிளகு, உப்பு, அரை எலுமிச்சம்பழம். பாக்கெட்டோடு மசாலாத்தூள் கொடுத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் உப்புதான் அது.

பயறை முந்தின இரவே ஊறப்போட வேண்டும். காலையில் போட்டு மாலை வரை விட்டால் வெயில் காலத்தில் தண்ணீர் புளித்துவிடும். இரவு ஊறப்போட்டதைக் காலையில் வடித்து, ஈரத்துணியில் கட்டி நிழலில் வையுங்கள். நீங்கள் வீடு திரும்பும்போது முளை எட்டிப் பார்க்கும். முளை கட்டினால் சீக்கிரம் வேகும், வாயுவும் குறையும். இரவு ஊறப்போடும் வேலையை ஒன்பது மணிக்கு வருகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு கிண்ணம் பயறில் தண்ணீர் ஊற்றுவது பெட்டி இறக்குவதைவிடக் கஷ்டமில்லை.

குக்கரில் எண்ணெய் காய்ந்ததும் சீரகம், நசுக்கிய பூண்டு, வெங்காயம் போட்டு வதக்குங்கள். தக்காளியைக் கையால் பிசைந்து விட்டு, எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள், சூப்பின் ருசி முழுவதும் இதில்தான். பிறகு பயறும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்த்து மூடி, முளை கட்டிய பயறானால் இரண்டு விசில், வெறுமனே ஊறியதானால் மூன்று, நான்கு விசில். ஆவி தானாக அடங்கட்டும். அதற்குள் நீங்கள் கைகால் கழுவிக்கொண்டு வரலாம்.

மூடியைத் திறந்து, ஒரு கரண்டிப் பயறை குக்கர் ஓரத்திலேயே அழுத்தி மசித்துவிடுங்கள். கடையில் சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்குவார்கள். நமக்கு அது தேவையில்லை. இன்னும் அரை லிட்டர் கொதிநீர் ஊற்றி, கேரட், உப்பு, பாஸ்தா போட்டு, மூடாமல் கிளறிக் கிளறி எட்டுப் பத்து நிமிடம் வேகவிடுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்தால் நடுவில் லேசாகக் கெட்டி தெரிய வேண்டும். அப்போது கீரையைப் போட்டு இரண்டு நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிடுங்கள். மிச்சம் வேகுவது சூட்டிலேயே நடக்கும். மிளகுத்தூள் தூவி, எலுமிச்சை பிழியுங்கள். எலுமிச்சையும் தக்காளியும் ருசிக்கு மட்டுமல்ல. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அவற்றின் வைட்டமின் சி உதவும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் அந்தப் பலன் பெருமளவு போய்விடும்.

'மூடாமல்' என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகளின் பிரசவத்துக்காக என் மனைவி இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தார். நான் நேரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாஸ்தாவையும் பயறோடு போட்டு விசிலுக்கு வைத்தேன். மாவு நுரை பொங்கி வெயிட் அடைத்துக்கொண்டது. மூடி இடுக்கு வழியாகக் கஞ்சி பீறிட்டு அடுப்பையே அணைத்துவிட்டது. ஆவித்துளை அடைத்த குக்கர் வெடிக்கவும் கூடும். ஒரு மணி நேரம் கிட்டேயே போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அன்று இரவு வாழைப்பழம்தான். பயறு வேகவைக்கும்போதும் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

பயறு ஊறப்போட மறந்த நாளில் பாசிப்பருப்பு போடுங்கள், ஊறவே வேண்டாம். பாஸ்தா இல்லாத நாளில் கேழ்வரகு சேமியா போதும். அது சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் கீரைக்குப் பிறகு, கடைசி மூன்று நிமிடத்தில் சேருங்கள். மீந்த சூப் காலையில் களி மாதிரி இறுகிவிடும். வெந்நீர் விட்டுக் கொதிக்க வைத்தால் பழையபடி ஆகும். வெயில் காலத்தில் மீதம் வைக்காதீர்கள், அளவைக் குறைத்துச் செய்யுங்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பேச்சு. இந்த சூப்புக்குத் தக்காளியும் கீரையும் தோட்டத்திலிருந்துதான் வரப்போகிறது. கடைசியாக மருந்து அடித்தது எப்போது? ஒவ்வொரு மருந்துக்கும், அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்ற காத்திருப்புக் காலம் உண்டு. அது மருந்தோடு வரும் தாளில் இருக்கும். ஊடுருவிப் பாயும் மருந்து கழுவினால் போகாது. தக்காளியில் கவனமாக இருப்பவர்கள்கூடக் கீரையில் கோட்டை விடுகிறார்கள். தக்காளிக்கு அடிக்கும் மருந்து காற்றில் போய் வரப்பு முருங்கை இலையில் படிகிறது. மாலையில் அதே கிளையை ஒடித்து வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சமையலுக்கு வீட்டோரமாக ஒரு முருங்கையும், மருந்து படாத நாலைந்து தக்காளிச் செடியும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக மார்க்கெட்டுக்குப் போகும் பெட்டிக்கு விதி வேறு என்று ஆகிவிடாது. அதைத் திறந்து சமைக்கிற வீட்டிலும் மூன்றாம் வகுப்புப் பையன் இருப்பான்.

தட்டைப்பயறை வாங்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். வரப்பு ஓரமாக ஒரு வரிசை ஊன்றினால் இரண்டு, மூன்று மாதத்தில் வீட்டுக்குத் தேவையானது வந்துவிடும். பக்கத்தில் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு இரட்டை லாபம். சிவப்புக் கம்பளிப்புழு தட்டைப்பயறுச் செடியைத் தேடி வரும், அங்கேயே பொறுக்கி அழித்துவிடலாம். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி மையத்தின் ரகங்கள் பற்றி உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள். விளைந்ததும் அத்தனையையும் வியாபாரியிடம் அளந்துவிட்டு, அந்தக் காசில் நூடுல்ஸ் வாங்கும் வீடுகளை நிறையப் பார்த்துவிட்டேன். மாதத்துக்கு ஒரு படி என்று கணக்குப் போட்டு, வீட்டுப் பங்கை எடுத்து வைத்த பிறகு மூட்டை கட்டுங்கள்.

கேள்வி: "வீட்டுக்கு வைத்த தட்டைப்பயறு இரண்டே மாதத்தில் துளை விழுந்து மாவாகிவிடுகிறது. என்ன செய்வது?"
- வாசகர், நத்தம் பகுதி

பதில்: மேலே சொன்ன சகோதரிக்கும் இது பயன்படும். பயறு வண்டு உங்கள் டின்னில் பிறந்ததல்ல. காட்டில் காய் முற்றும்போதே முட்டை வைத்துவிடுகிறது. அதனால் அறுவடையானதும் தாமதிக்காமல், கடித்தால் 'டக்' என்று உடையும் அளவுக்கு நல்ல வெயிலில் காயவையுங்கள். ஆறிய பிறகு, கிலோவுக்கு ஒரு சின்ன ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு எல்லாப் பயறிலும் படும்படி பிசறி, காற்றுப் புகாத டின்னில் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். தோலில் எண்ணெய் இருந்தால் முட்டை பெரும்பாலும் பொரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வண்டு தென்பட்டால் மறுபடி வெயிலில் போட்டுச் சலித்து வையுங்கள். விதைக்கென்று மருந்து கலந்த பயறை வேறு நிற டின்னில், வேறு அறையில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மேலே பெரிய எழுத்தில் 'விதை' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஊறப்போடும் இரவில் கரண்ட் இல்லாமலும் இருக்கலாம்.