பழைய காரை வாங்காதீங்க, பழைய ஓட்டல்ல போய்த் தங்குங்க



போன மாசம் ஊருக்கு, கழுகுமலைக்குப் போயிருந்தேன். எங்க தெருப் பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். வயசு 27, சென்னையில ஐடி வேலை, கைக்கு வர்ற சம்பளம் மாசம் 62,000. போனை எடுத்து ரெண்டு வீடியோ காட்டினான். ஒண்ணு, 1970-கள்ல ஓடின ஒரு கார். யாரோ புதுசு மாதிரி ஆக்கி 6 லட்சத்துக்கு விக்கிறாங்க. இன்னொண்ணு, இத்தாலியில கோமோ ஏரிக்கரையில இருக்கிற வில்லா டெஸ்டே ஓட்டல். அங்க வருஷா வருஷம் பழைய கார்களுக்கு அழகுப் போட்டி நடக்கும்.

"அண்ணே, காருக்குப் பர்சனல் லோன் போடலாம்னு இருக்கேன். அது முதலீடு, அஞ்சு வருஷத்துல டபுள் ஆகும்ங்கிறாங்க. ஐரோப்பா போக 2.4 லட்சம் சேர்த்து வச்சிருக்கேன். அது வெட்டிச் செலவுதானே, அதை கார் பராமரிப்புக்கு வச்சுக்கவா?"

"தலைகீழா யோசிக்கிறடா தம்பி"ன்னேன். அவன் முகம் சுருங்கிப் போச்சு. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்க விரிவா எழுதுறேன். உங்கள்ல நிறைய பேருக்கு இதே ஆசை இருக்கும்.

ஏலச் செய்தி சொல்லாத விஷயம்

2022 மே மாசம் ஜெர்மனியில ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் கார் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போச்சு. அன்னைக்கு ரேட்டுக்கு ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். 1955-ல செஞ்ச 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூபே. உலகத்துலயே இந்த வகை ரெண்டே ரெண்டு கார்தான். வித்தது மெர்சிடிஸ் கம்பெனியே. அந்தக் காசை மாணவர்களுக்கான உதவித்தொகை நிதிக்குக் கொடுத்துட்டாங்க.

இதைப் பார்த்துட்டு "பழைய கார்னா விலை ஏறும்"னு நாம முடிவு பண்றோம். ஆனா விலை ஏறினது பழசுங்கறதுனால இல்ல, ரெண்டே ரெண்டுதான் இருக்குங்கறதுனால. நம்ம ஊர்ல பழசுன்னா அம்பாசடர். 1950-களோட கடைசியில இருந்து 2014 வரைக்கும் அது உருண்டு வந்துக்கிட்டே இருந்துச்சு. 2017-ல 'அம்பாசடர்'ங்கற பிராண்டு பேரையே பியூஜோ கம்பெனிக்கு 80 கோடிக்கு வித்தாங்க. நாடு பூரா அத்தனை வருஷம் ஓடின ஒரு பேருக்கு 80 கோடி, ஒத்தைக் காருக்கு 1,100 கோடி. அரிதுங்கறதோட விலை அது.

அடுத்தது தரகு. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிச்சு விலை பேசுவாங்க, பார்த்திருப்பீங்க. தரகர் வாங்குறவர்கிட்டயும் வாங்குவார், விக்கிறவர்கிட்டயும் வாங்குவார். ஐரோப்பாவுல கோட் சூட் போட்டு நடக்கிற கார் ஏலமும் இதேதான். விலையை மட்டும் வெளிப்படையா கூவுவாங்க. சுத்தியல் அடிச்ச விலைக்கு மேல வாங்குறவர் தனியா 'பையர்ஸ் பிரீமியம்' கட்டணும், பல ஏலங்கள்ல அது 10 சதவீதத்துக்கு மேல. விக்கிறவரும் கமிஷன் கொடுக்கணும். வாங்கின அன்னைக்கே நீங்க அவ்வளவு நஷ்டத்துல இருக்கீங்க.

எங்க அப்பாவோட முதலீடு

இதை நான் புத்தகத்துல படிச்சுச் சொல்லலை. எங்க அப்பாகிட்ட ஒரு அம்பாசடர் இருந்துச்சு. 2006-ல ஒருத்தர் 60,000 தர்றேன்னு வீட்டு வாசல்ல வந்து நின்னார். "இன்னும் கொஞ்ச வருஷம் போகட்டும், தேடி வந்து வாங்குவாங்க"ன்னு அப்பா அனுப்பிட்டார்.

கரிசல் மண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியும். மழைக்கு உப்பும், வெயிலுக்குப் பிளக்கும். ஷெட்டோட தரை ரெண்டாப் பிளந்துச்சு, சுவர்ல விரிசல் விட்டுச்சு. எலி ஒயரைக் கடிச்சுது. பேட்டரி, டயர், இன்ஷூரன்ஸ், ஷெட் ரிப்பேர்னு வருஷத்துக்குச் சராசரியா 4,000 போச்சு. 13 வருஷத்துல 52,000. 2019-ல அந்தக் காரை 38,000-க்குக் கொடுத்தோம். 2006-ல வந்த 60,000-ஐ 8 சதவீத வட்டியில போட்டிருந்தா 2019-ல 1.63 லட்சம்.

அப்பா மேல எனக்குக் கோபம் இல்ல. அந்தக் காரை அவர் நேசிச்சார், ஞாயித்துக்கிழமை தவறாம துடைப்பார். "பிடிச்சிருக்கு, வச்சிருக்கேன்"னு சொல்லியிருந்தா அது 14,000 ரூபாய்ல கிடைச்ச சந்தோஷம். "விலை ஏறும்"னு சொல்லி வச்சிருந்ததாலதான் வித்த அன்னைக்கு அவர் ராத்திரி சாப்பிடலை.

வரியும் சட்டமும்

சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற காரை லாபத்துக்கு வித்தா வருமான வரி கிடையாது, அது 'பர்சனல் எஃபெக்ட்ஸ்'னு ஒரு கணக்கு இருக்கு. இதை நம்பி நிறைய பேர் பேசுறாங்க. ஒரு சம்பளக்காரர் 1931 மாடல் ஃபோர்டு டூரர் காரை 1983-ல 20,000-க்கு வாங்கி, பின்னாடி 21 லட்சத்துக்கு வித்தார். வரி இல்லைன்னு சொன்னார். கேஸ் மும்பை உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் 2025-ல அவருக்கு எதிரா முடிஞ்சது. கார்னா சொந்த உபயோகத்துக்குத்தான்னு தானா எடுத்துக்க முடியாது, உண்மையிலேயே ஓட்டினதுக்கு ஆதாரம் வேணும்னு சொல்லிட்டாங்க.

"அண்ணே, 105 மடங்கு லாபம் வந்திருக்கே"ன்னு பையன் இதுலயும் நல்லதையே பார்த்தான். வந்திருக்கு. இல்லைன்னு சொல்லலை. ஆனா அது வாங்கும்போதே 52 வயசான கார். ஜெயிச்ச கார்தான் கோர்ட் வரைக்கும் போகும், எங்க அப்பா கார் மாதிரி தோத்தது பழைய இரும்புக் கடைக்குப் போகும். அது எந்தத் தீர்ப்புலயும் வராது.

ரூல்ஸையும் பாருங்க. 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி, 50 வயசு தாண்டின, மூல உருவம் மாறாத வண்டிக்குத்தான் 'விஏ'ன்னு வர்ற விண்டேஜ் நம்பர். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அதைத் தினசரி ரோட்ல ஓட்டக் கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு எடுக்கலாம், அவ்வளவுதான். விண்டேஜ் பதிவு இல்லாம சாதாரணமா வச்சிருந்தா, 20 வயசு தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்க 2025-ல இருந்து 10,000 ரூபாய்.

பையனோட கணக்கு

6 லட்சம் லோன், 13 சதவீத வட்டி, 5 வருஷம். மாசம் 13,650 இஎம்ஐ. மொத்தம் கட்டுறது 8.19 லட்சம். வருஷம் 30,000 பராமரிப்புன்னா இன்னொரு 1.5 லட்சம். ஆக 9.7 லட்சத்துக்கு மேல வித்தாதான் அசலே திரும்பும். 6 லட்சத்துக்கு வாங்கினதை அந்த விலைக்கு யார் வாங்குவாங்க? பங்குன்னா பட்டனைத் தட்டினா வித்துடும். இதுக்கு ஒரு பைத்தியக்காரன் கிடைக்கணும், அதுவும் நமக்குக் காசு தேவைப்படுற மாசத்துல.

இன்னொண்ணு. அவங்க அப்பாவுக்கு மானாவாரி விவசாயம். மழை ஏமாத்தினா வீட்டுக்கு இவன் சம்பளம்தான். அந்த 2.4 லட்சம்தான் அவங்க குடும்பத்தோட அவசர நிதி. அதை ஒரு இன்ஜின் விழுங்கக் கூடாது.

அப்போ ஓட்டல்?

இங்கதான் நான் மத்த ஃபைனான்ஸ் ஆளுங்ககிட்ட இருந்து மாறுபடுறேன். போங்கன்னுதான் சொல்லுவேன். ஓட்டல் பில் யோக்கியமானது. "நான் செலவு"ன்னு சொல்லிட்டே வருது, காலையில அறையைக் காலி பண்ணினா கணக்கு முடிஞ்சது. அஞ்சு வருஷம் இஎம்ஐ கட்ட வைக்காது.

முதல்ல பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. கோவில்பட்டி, மதுரை வழியா நாலஞ்சு மணி நேரத்துல செட்டிநாடு. காரைக்குடியில 'தி பங்களா', கானாடுகாத்தான்ல 'விசாலம்' எல்லாம் பழைய செட்டியார் வீடுகள்தான், இப்ப ஓட்டல். ஆத்தங்குடித் தரையில வெறுங்காலோட நடக்கிற சுகமே தனி. ஒரு டிப்ஸ்: அறை வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், தாண்டினா 18. 7,500 அறைக்கு 7,875 கட்டுவீங்க, 8,000 அறைக்கு 9,440. சீசன் இல்லாத நாளாப் பார்த்துக் கேளுங்க. பழைய கார் பார்க்கணும்னா கோயம்புத்தூர்ல ஜிடி மியூசியத்துக் கார் அருங்காட்சியகம் இருக்கு.

ஐரோப்பாவும் எட்டாத தூரம் இல்ல. வில்லா டெஸ்டே 1873-ல இருந்து ஓட்டலா இருக்கு, சீசன்ல ஒரு ராத்திரிக்கு 1,000 யூரோவுக்கு மேல. அது நமக்கு வேண்டாம். ஸ்பெயின்ல அரசாங்கமே 1928-ல இருந்து 'பாரடோர்'னு ஓட்டல்கள் நடத்துது. அதுல பலது பழைய கோட்டை, மடாலயம். அதுல எத்தனையோ அறை வில்லா டெஸ்டே விலையில சின்னப் பங்குக்கே கிடைக்கும். பாரிஸ்ல குளிர்காலத்துல நடக்கிற ரெட்ரோமொபில் கண்காட்சிக்கு டிக்கெட் எடுத்து யாரும் போகலாம், பெரிய கார் ஏலங்களும் அதே வாரத்துல நடக்கும். கையைத் தூக்காம பார்த்துட்டு வாங்க, அது போதும்.

காசுக்கு வழி? அந்த 13,650 இஎம்ஐயைக் கட்டுறதா நினைச்சு மாசாமாசம் ஆர்டியில போடுங்க. 18 மாசத்துல 2.45 லட்சம், வட்டி தனி. அவசர நிதியில கை வைக்காம, கடன் இல்லாம ஐரோப்பா. டூர் பேக்கேஜ் எடுத்தா டிசிஎஸ் பிடிப்பாங்க, ரிட்டர்ன் போடும்போது மறக்காம கிரெடிட் எடுங்க. கிரெடிட் கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஃபாரக்ஸ் மார்க்கப் எவ்வளவுன்னு பாருங்க, 3.5 சதவீதம் வரைக்கும் போடுற கார்டு இருக்கு.

சாயங்காலம் அவனைக் கூட்டிக்கிட்டு மலையேறினேன். வெட்டுவான் கோவில், பாறையைக் குடைஞ்சு பாண்டியர் காலத்துல செஞ்சது, 1,200 வருஷம் இருக்கும், வேலை முடியாமலேயே நிக்குது. ரெண்டு பேரும் சின்ன வயசுல இருந்து பார்க்கிறோம். இதுல ஒரு கல் கூட நம்ம பேர்ல இல்ல.

பையன் இன்னும் முடிவு சொல்லலை. லோன் அப்ரூவல் மெசேஜ் வந்துடுச்சாம், இந்த வாரம் கையெழுத்துப் போடணும். தம்பி, இதைப் படிச்சா எனக்கு ஒரு போன் போடு.

குறிப்பு: இது பொதுவான தகவல்தான். வரி விஷயத்துல உங்க சூழ்நிலைக்கு உங்க ஆடிட்டரைக் கேட்டு முடிவெடுங்க.