குளத்தை மறக்கச் சொல்லாதீர்கள்

விடியுமுன் நீச்சல் குளத்தில் இறங்கி, ஈரத் தலையோடு பள்ளிக்கு ஓடி, மாலையில் மீண்டும் குளத்துக்கே திரும்பும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். நொடியில் நூறில் ஒரு பங்கைக் குறைக்க அவர்கள் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பிளஸ் டூ வந்ததும் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "இந்த ஓராண்டு குளத்தை மறந்துவிடு."

1994இல், சிறுவனாக இருந்தபோதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் தமிழக நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன். அதே ஆண்டில் 6 நீரிணைகளைக் கடந்து நெடுந்தூர நீச்சல் வீரர் மிகிர் சென்னின் சாதனையையும் முறியடித்தார். அவரும் பின்னர் போட்டி நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கச் சென்றார். அந்த இழப்பு நமக்குப் பாடமாக வேண்டும்.

தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் ஒதுக்கப்படுவது பாராட்டுக்குரியது. ஆனால், இடம் கிடைத்தால் மட்டும் போதாது. போட்டிக்குச் செல்லும் நாட்களுக்கு வருகைப்பதிவு, தவறிய தேர்வுக்கு மறுவாய்ப்பு, எட்டும் தூரத்தில் தரமான குளம், நல்ல பயிற்சியாளர் ஆகிய நான்கும் வேண்டும்.

நீச்சலில் விட்ட ஓராண்டை மீட்பது எளிதல்ல. படிப்பா, நீச்சலா என்று பிள்ளைகளைத் தவிக்கவிடாமல், இரண்டுக்கும் வழி அமைத்துக் கொடுப்பது அரசின், கல்லூரிகளின் கடமை.